எனக்காக இளைத்த ஈரல்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவன் என் தம்பி. அவன் வீட்டுச் சமையலறையில் வெள்ளரிக்காய் அரிந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"யார் யாரைப் பத்தியோ எழுதற. நான் பண்ணது ஒரு கதைக்குத் தேறாதாக்கா?"

"தேறும். ஆனா எழுதினா நீதான் முதல் ஆளா சண்டைக்கு வருவே."

"வர மாட்டேன். நல்லபடியா எழுது. கொஞ்சம் கெத்தா எழுது."

கெத்தாக எழுதச் சொல்லிவிட்டான். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. ஒருவனைப் பெருமையாக எழுதப் போனால் அவன் உடனே சிலை மாதிரி விறைத்து நின்றுவிடுவான். அப்புறம் அவனை உட்கார வைக்கவும் முடியாது, சிரிக்க வைக்கவும் முடியாது. ஆனாலும் எனக்கு அவனை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய? மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதையைச் சொல்வது நான் என்பதால் நான் பிழைத்துவிட்டேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துபோயிற்று. 'அக்கா பிழைப்பாளா மாட்டாளா' என்று நகம் கடிக்க இங்கே வழியில்லை. மன்னிக்கவும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து அவன் உலகத்தையே]

'உலகத்தையே' என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அவன் உலகத்தை ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கப்பலில் அடுக்கி வந்திருக்கும் இரும்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கி, கீழே வரிசையில் நிற்கும் லாரிகளின் முதுகில் வைப்பது வேலை. குனிந்து, காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு பிடி. காற்றில் பெட்டி ஊசலாடினால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் கூட நகர்த்தி அதை அடக்க வேண்டும். கண்ணும் கையும் மட்டும்தான் உழைக்கும். மற்ற உடம்பு நாற்காலியில் மூட்டை மாதிரி கிடக்கும்.

மேலே ஏற லிஃப்ட் உண்டு. லிஃப்டில் அவனோடு இரண்டு பெரிய குளிர்பான பாட்டில்களும் பிஸ்கட்டும் வறுவல் பொட்டலங்களும் ஏறும். அந்த உயரத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. வாய்க்கும் ஒரு வேலை வேண்டாமா? துறைமுகத்தில் அவன் பெயர் 'மெத்தை'. வயிற்றைப் பார்த்து வைத்த பெயர். அவன் கோபித்துக்கொண்டதில்லை. வயர்லெஸ்ஸில் "மெத்தை, அடுத்தது தூக்கு" என்றால் "மெத்தை ரெடி" என்பான்.

இரண்டாவது தொடக்கம் என்னிடமிருந்து:

[என் வயிறு வீங்க ஆரம்பித்தபோது நான் அதை முதலில்]

* இந்த வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம் கலை அல்ல. நோயில் கிடந்தபோதே ஒரு தாளில் எழுதியது இது. ஈரல் கெட்டுப்போனால் அது வடிகட்ட வேண்டிய நஞ்செல்லாம் இரத்தத்திலேயே தங்கி மூளையில் பனிமூட்டம் போட்டுவிடும். வாக்கியத்தின் நடுவில் நின்றுகொண்டு, எதற்கு இங்கே வந்தோம் என்று விழிப்பேன். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். ஊரார் விட்ட ஒற்றெழுத்தைப் பிடித்தே வயிறு வளர்த்தவள், 'கதவு' என்ற சொல் வாயில் வராமல் கையால் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அன்றைய அரைகுறை வாக்கியங்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

எனக்குக் கணவனோ பிள்ளையோ இல்லை. தம்பியின் வீட்டில், சாலையைப் பார்த்த ஒரு அறையில் இருக்கிறேன். எனவே மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

"குடியே கிடையாதே டாக்டர்! எங்கக்கா இருமல் மருந்தையே யோசிச்சுதான் குடிப்பா. அவளுக்கு எப்படி ஈரல் போகும்?"

டாக்டர் குள்ளமான பெண்மணி. எதையும் படம் போட்டுத்தான் சொல்வார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்களுக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரைவார். ஒரு ஈரலை வரைந்து அதற்குள் சின்னச் சின்ன வட்டங்களைப் போட்டார்.

"இது கொழுப்பு. குடிக்காதவங்களுக்கும் வரும். நிறைய பேருக்கு இதோட நின்னுடும். சிலருக்கு இது உள்ளுக்குள்ள புண்ணாகும். புண் ஆறின இடம் தழும்பாகும். வருஷக்கணக்கா இப்படிப் புண்ணாகி, ஆறி, புண்ணாகி..." வட்டங்களின் மேல் கோடு கோடாகக் கிழித்தார். "கடைசில ஈரல் பூரா தழும்புதான். தழும்பு வேலை செய்யாதே."

பல வருடங்களுக்கு முன்னால் வேறு ஏதோ வலிக்கு எடுத்த ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு' என்று ஒரு வரி இருந்தது. "இது பாதிப் பேருக்கு இருக்கறதுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்று என்ன கெடுதல் செய்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் இருந்துவிட்டோம். வலிக்கவும் இல்லை. ஈரல் பொறுமைசாலி. முக்கால்வாசி போகிறவரைக்கும் வாயைத் திறக்காது.

"மாத்து ஈரல் வைக்கணும்" என்றார் டாக்டர். "இறந்தவங்ககிட்டேர்ந்து கிடைக்கணும்னா வரிசைல காத்திருக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. இல்லைன்னா சொந்தத்துல யாராவது ஒரு பகுதி..."

அவர் முடிப்பதற்குள் தம்பி பேருந்தில் இடம் கொடுக்கிறவன் போல எழுந்து நின்றுவிட்டான்.

"என்னோடதை எடுத்துக்கோங்க."

இரத்த வகை பொருந்தியது. அவன் அன்றைக்கே ஜெயித்த மாதிரி நடந்தான். ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் அதே மேஜை, அதே டாக்டர், மறுபடியும் தலைகீழாக ஒரு படம். இந்த முறை அது அவனுடைய ஈரல். உள்ளே வட்டங்கள்.

"உங்களோடதை எடுக்க முடியாது."

"ஏன்?"

"உங்கக்கா ஆரம்பிச்ச இடத்துல நீங்க இருக்கீங்க. இதுல பாதிக்கு மேல வெட்டி எடுக்கணும். மிச்சம் உங்களுக்குள்ள வளரணும், எடுத்தது அவங்களுக்குள்ள வளரணும். இவ்வளவு கொழுப்போட எடுத்தா அங்கயும் பிடிக்காது, உங்களுக்கும் உயிருக்கு ஆபத்து."

தம்பி அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "சும்மா குடுத்தாலும் வேணாங்கறாங்கக்கா" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். கண் வேறு எதையோ சொன்னது.

"இதைக் கரைக்க முடியாதா டாக்டர்?"

"முடியும். உங்களுக்கு இன்னும் தழும்பு விழலை. வெறும் கொழுப்புதான். வந்த வழியே போயிடும். ஆனா அதுக்குன்னு நான் எழுதித்தர மாத்திரை எதுவும் இல்லை. வாயைக் கட்டணும், காலை அவுத்து விடணும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் அக்காவை நாங்க எப்படியாவது தாக்குப்பிடிக்க வைக்கிறோம்."

4

இங்கேதான் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

இவனை எனக்கு நன்றாகத் தெரியும். தொடங்கிய எதையும் இவன் முடித்ததில்லை. நீச்சல் வகுப்பு, தபால் வழிப் படிப்பு, வாசலில் பாதி வர்ணம் அடித்த இரும்புக் கதவு. பந்தியில் 'போதும்' என்ற சொல்லை இவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கற்பனைக் கதையாக இருந்தால், இப்படிப்பட்டவன் மூன்று மாதம் வாயைக் கட்டினான் என்று எழுத நானே துணிய மாட்டேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் 'நம்பும்படி இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்.

முதலில் அவனும் நம்பும்படியாக நடந்துகொள்ளவில்லை. மறுநாளே பட்டினி. வெறும் தண்ணீர். "கொழுப்புதானே, சோறு போடலன்னா தானா கரையுது" என்றான். அவன் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். மூன்றாம் நாள் வழக்கம்போல மேலே ஏறினான்.

பெட்டி கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடித் தரைக்குக் கீழே லாரிகள், லாரிகளுக்கு நடுவே ஆட்கள். நெற்றி வேர்த்து, பிடி வழுக்கியது. அவன் கிரேனை மெல்ல நகர்த்தி, பெட்டியின் ஊசலை அடக்கி, ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பெட்டியைத் தரையில் வைத்தான். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"மெத்தை நிறுத்தறான். கை நடுங்குது. ஆளை மாத்துங்க."

அத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லையாம். கப்பல் காத்திருந்தது. மேற்பார்வையாளர் கீழே நின்று கத்தினார்.

[இந்த இடத்தில் அவன் வீரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஒரு வரி போதும்: தலைகளுக்கு மேலே பாரம் தொங்கும்போது தன்னால் முடியவில்லை என்று சொன்னானே, அதுவே எனக்குப் பெருமை.]

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். வயதுக்குப் பொருந்தாத அதட்டல்.

"பட்டினி கிடக்கச் சொல்லி யார் சொன்னது? கொழுப்பா கரையும்? சதை கரையும். தடாலடியா இளைச்சா ஈரல் இன்னும் கெடும், தெரியுமா? பட்டினிக்கு முன்னாடி என்ன குடிச்சீங்க?"

அவன் பாட்டில்களைச் சொன்னான். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அதான் சார் உங்க வில்லன். அந்தச் சர்க்கரை நேரா ஈரலுக்குத்தான் போகும். அங்க செலவாகாதது அங்கயே கொழுப்பா மாறிடும்."

"நான் எண்ணெய்தான்னு நெனச்சேன்."

"எண்ணெயும்தான். ஆனா அது ரெண்டாவது."

திரும்பி வரும்போது நானும் அவனோடு வண்டியில் இருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது திடீரென்று ஸ்டியரிங்கைத் தட்டினான். "ஈரல் ஒரு யார்டுக்கா! பெட்டி இறக்கி வைக்கிற யார்டு நிறைஞ்சு போச்சு. கப்பல் மேல கப்பல் வருது, நான் இறக்கிக்கிட்டே இருக்கேன். வெளிய எடுத்துட்டுப் போக லாரி இல்ல. அப்ப பெட்டியை எங்க வைப்பான்? நடக்கற வழிலதான் வைப்பான். இப்ப ஒருத்தனும் உள்ள வேலை செய்ய முடியல."

"அதுக்கு?"

"கப்பலை நிறுத்தணும். லாரியை விடணும். அவ்ளோதான்!"

இந்த உவமை என் கைவண்ணம் இல்லை. நான் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் இலக்கியமாகக் கெடுத்திருப்பேன்.

5

அதற்குப் பிறகு நடந்தவை கதைக்குத் தோதான சங்கதிகள் அல்ல. சாதனை என்பது அன்றாடத்தில் பார்க்க மிகவும் சலிப்பான ஒன்று. பாட்டில் நின்றது. வறுவல் நின்றது. தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, மீதி முட்டையோ மீனோ பருப்போ. டீயில் சர்க்கரை போய், பிறகு டீயே போய், கறுப்புக் காபி வந்தது. அதை முதல்முறை குடித்தபோது அவன் முகம் போன போக்கை எழுத எனக்குச் சொல் போதாது.

கிரேனில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தான். இறங்குவது பழகியதும் ஏறவும் ஆரம்பித்தான். முதல் தடவை நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றபோது, கீழேயிருந்து ஒருவர் வயர்லெஸ்ஸில், "மெத்தை, இயற்கை அழகு ரசிக்கிறியா?" என்று கேட்டாராம். பதில் சொல்ல இவனுக்கு மூச்சு இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உட்காராமல் திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போவான். பெல்ட்டில் புதுத் துளை போட்டார்கள்.

அடுத்து வரும் காட்சியில் நான் இருக்கிறேன். ஆனால் எனக்கு எதுவும் நினைவில்லை. தம்பி மனைவி சொல்லித்தான் எழுதுகிறேன். எழுத்தாளர்கள் தாங்கள் இல்லாத இடத்தைக் கற்பனையில் எழுதுவார்கள். நான் இருந்த இடத்தையே பிறரிடம் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாவது மாதம் எடை இறங்காமல் அடம்பிடித்து நின்றது. ஒரு சாயங்காலம் அவன் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திருகினான். புஸ்ஸென்று சத்தம்.

"என்னால முடியலக்கா. இது ஒண்ணே ஒண்ணு. வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, கொட்டிடறேன்."

நான் அவனை வெகுநேரம் பார்த்தேனாம். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டேனாம்:

"நீங்க யாரு?"

அவன் எழுந்துபோய்ப் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தான். காலியாகும்வரை அங்கேயே நின்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என் மருந்தை ஊற்றி எனக்குப் புகட்டினான்.

[அந்தக் கேள்விக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று]

இதை நோயில் எழுதவில்லை. நேற்று எழுதினேன். இருந்தும் முடிக்க முடியவில்லை.

6

இந்தக் கதையின் முதல் வரைவில் தம்பி மனைவிக்கு இரண்டே இடம்தான் இருந்தது: ஒரு இடத்தில் கெஞ்சினாள், ஒரு இடத்தில் சமைத்தாள். 'கெத்தா எழுது' என்றால் இப்படித்தான் ஆகும். ஒருவன் நடுவில் நிற்பான், மற்றவர்கள் பாத்திரம் கழுவுவார்கள். திருத்திக்கொள்கிறேன்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து, கரண்டியால் அளந்து எண்ணெய் விட்டு அவனுக்குச் சமைப்பாள். ஒரு நாள் என் தலை தெளிவாக இருந்த நேரமாகப் பார்த்து என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அவருக்கு நான் ஒழுங்கா சமைச்சுப் போடப் போட, அவரை அறுக்கற நாள் கிட்ட வருது."

நான் போர்வையை ஒதுக்கி, கட்டிலில் அவள் உட்கார இடம் விட்டேன்.

"ரெண்டு கரண்டி எண்ணெய் கூட ஊத்தினாப் போதும். டீல கொஞ்சம் சர்க்கரை. யாருக்கும் தெரியாது. டெஸ்ட்ல தேற மாட்டாரு, முழுசா என்கிட்டயே இருப்பாரு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அடுப்புகிட்ட நிக்கும்போதெல்லாம் தோணும். ஒரு நாள் கூட ஊத்தலை அண்ணி. சத்தியமா."

"ஊத்தியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது."

"தெரியும். அதனாலதான் ஊத்த முடியல."

எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கதையில் நெஞ்சு நிமிர்த்தி நிற்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான் என்றால், அது யாரென்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

7

மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் தலைகீழ்ப் படம். டாக்டர் ஈரலின் வெளிக்கோட்டை வரைந்தார். உள்ளே வட்டம் போடப் பேனாவைக் கொண்டுபோனவர், ஓரமாக இரண்டு மூன்று புள்ளி மட்டும் வைத்துவிட்டு மூடிவிட்டார்.

"இதை வாங்கிக்கலாம்" என்றார்.

வெளியே நடைவழியில் சக்கர நாற்காலியில் நான் காத்திருந்தேன். அவன் தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, பாஸு! வாழ்க்கைலயே முதல் தடவை!"

பழைய ஸ்கேன் படத்தையும் புதியதையும் துறைமுகத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினான். இரண்டும் சாம்பல் நிறத்தில் மேகமூட்டமாக இருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆமாமா, நல்லா தெரியுது" என்றார்களாம். இனி இவனை மெத்தை என்று கூப்பிட முடியாதே என்று பேச்சு வந்தது. யோசித்துவிட்டு, 'தலையணை' என்று மாற்றினார்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

8

இங்கே மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: இரண்டு கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகப்படுகின்றன. தம்பி கையை நீட்டுகிறான். அக்கா பிடித்துக்கொள்கிறாள். கதவு மூடுகிறது. இதை எழுதிப் பார்த்தேன். அளவுக்கு மேல் அழகாக வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

இரண்டாவது: நாள் வருவதற்குள் அக்கா [இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுத ஆளும் இருந்திருக்காது.]

மூன்றாவது நடந்தது. குறித்த நாளுக்குச் சில நாட்களே இருந்தன. வயிற்றில் கோத்த நீரை எடுப்பதற்காக நான் மருத்துவமனையில் இருந்தேன். முற்பகல். டாக்டர் உள்ளே வந்து, படம் எதுவும் போடாமல், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இறந்துபோன ஒருத்தரோட ஈரல் வந்திருக்கு. அவங்க வீட்ல மனசு வச்சுக் குடுக்கறாங்க. வரிசைல உங்க முறை. உங்களுக்குப் பொருந்துது. தம்பியும் தயாரா இருக்காரு. ரெண்டுமே நல்ல ஈரல். நல்லா இருக்கற ஒருத்தர் உடம்பைக் கிழிக்காம முடியும்னா நான் அதைத்தான் சொல்வேன். ஆனா முடிவு உங்களோடது. சீக்கிரம் சொல்லணும்."

தம்பியும் மனைவியும் அவரவர் வேலையிலிருந்து ஓடி வந்தார்கள். அவன் தலையில் இன்னும் துறைமுகத்து ஹெல்மெட்.

"வேணாம்னு சொல்லுக்கா."

"ஏன்டா?"

"அது யாரோடதோ. இது உனக்குன்னே பண்ணது." வயிற்றில் கை வைத்துச் சொன்னான். குழந்தை வரைந்த படத்தைக் காட்டுகிற மாதிரி.

"தெரியும்டா."

"அப்ப என்னோடது வேணாமா?"

"வேணாம்."

"நல்லா இல்லைங்கறதாலயா?"

"நல்லா இருக்கறதாலதான் வேணாங்கறேன். உன் உடம்புல இப்பதான் ஒண்ணு ஒழுங்கா இருக்கு. அதை ஏன்டா அறுக்கணும்?"

"அப்ப நான் பட்ட பாடெல்லாம் வீணா?"

அவன் மனைவி கதவோரம் நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால், அவளுக்காகத்தான் இந்த முடிவு என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பாள். என் தலை அன்று கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. 'கதவு', 'ஜன்னல்', 'தம்பி' எல்லாச் சொல்லும் கூப்பிட்ட குரலுக்கு வந்தன.

"வந்ததை வாங்கிக்கறேன் டாக்டர்."

அவன் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றான். ஆனால் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது ஊழியரிடமிருந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தானாகவே வாங்கிப் பிடித்துக்கொண்டான். லிஃப்டுக்குள் குனிந்து, என் காதில் மட்டும் சொன்னான்:

"அதுல ஏதாவது சரியில்லைன்னா, இன்னொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு."

9

எனக்கு ஈரல் தந்தவர் யாரென்று தெரியாது. அந்த வீட்டார் தங்கள் மிகக் கெட்ட நாளில் என்னைப் போன்ற ஒருத்தியை நினைத்தார்கள். அவர்கள் கதையை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு காலையும் மாத்திரைகளை விழுங்கும்போது அவர்களை நினைத்துக்கொள்கிறேன். அது கதைக்கு வெளியே.

எட்டாம் பகுதி வரை தம்பிக்குப் படிக்கக் கொடுத்தேன். அவன் சண்டைக்கு வந்தான்.

"கடைசியை மாத்துக்கா."

"எப்படி?"

"நான் குடுத்த மாதிரி. ரெண்டு கட்டில் போட்டு எழுதியிருக்கல்ல, அதையே வெச்சுக்கோ. கதைதானே?"

"நடந்தது அது இல்லையே."

"குடுத்தாதான் கெத்து. குடுக்காதவனைப் பத்தி யாரு படிப்பா?"

நான் மாற்றவில்லை. காரணத்தை அவனிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, உங்களிடம் முயல்கிறேன். நான் வீடு திரும்பிய பிறகு அவன் கொஞ்ச காலம் தளர்ந்துபோனான். லிஃப்டில் ஏறினான். ஒரு நாள் அவன் சட்டைப் பையில் பிஸ்கட் உறை கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அக்காவுக்காகக் கரைத்தான், அக்கா வேறொன்றை வாங்கிக்கொண்டாள். இப்போது அந்த ஈரல் யாருக்கும் தேவைப்படவில்லை. யாருக்கும் தேவைப்படாத ஒன்றை எதற்குப் பேண வேண்டும்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனான். திரும்பி வந்து, "வெளிய நல்லா காத்தடிக்குது" என்றான். மறுநாளும் போனான். சில வாரம் விட்டான். மீண்டும் பிடித்துக்கொண்டான். எந்த உயிரும் அவன் கையில் தொங்கவில்லை, கைதட்ட ஆளில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் செய்ததை விட, இந்த விட்டு விட்டு நடந்த நடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு கட்டில் போட்ட முடிவில் இதற்கு இடமே இல்லை.

இன்று அவன் தானாகவே நாள் வாங்கி ஸ்கேனுக்கு வந்திருக்கிறான். துணைக்கு நான். அவன் மனைவி கடையிலிருந்து நேராக வருகிறாள். அவன் உள்ளே போய்ச் சற்று நேரமாகிறது. நான் வெளியே நாற்காலியில், மடியில் ஒரு அறிவியல் பாடப்புத்தகத்தின் திருத்தப் பிரதியை வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னையே பார்க்கிறார்; நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

உள்ளே என்ன தெரியும்? புள்ளி இருக்கலாம், வட்டம் இருக்கலாம். ஆசிரியர் என்ற முறையில் நல்ல முடிவாக ஒன்றை எழுதி வைப்பது என் கையில்தான் இருக்கிறது. செய்யப்போவதில்லை. அவன் ஈரலை நான் ஒரு முறை வேண்டாம் என்று அவனிடமே விட்டேன். அதன் முடிவையும் அவனிடமே விடுகிறேன்.

[கதவு திறந்து அவன் எட்டிப் பார்க்கிறான். வயிற்றில் தடவிய களிம்பைக் கூடத் துடைக்கவில்லை. முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடிய]

"எழுதினது போதும்க்கா. உள்ள வந்து நீயே பாரு!"

நான் போகிறேன். என் இடத்தில் நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அவன் மனைவி வந்தால், இந்தக் கதவுதான் என்று சொல்லுங்கள்.